கூடைக்கு அடியில் ஒன்பதாவது வாரம்

எனக்கு முப்பத்தொரு வயது நடந்துகொண்டிருந்தது. செப்டம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஹனோவரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் நின்றபடி, பரிசோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு மெல்ல எழும்புவதைப் பார்த்தேன். அன்று பத்து மணிக்குப் பயிற்சி இருந்தது. குச்சியைத் தாளில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் முதுகாலும் தோளாலும் மற்றவர்களை இடித்துத் தள்ளினேன். என் தொழில் அதுதான்.

நான் கூடைப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவள். சென்டர் என்று சொல்லும் இடத்தில் விளையாடினேன். மற்றவர்கள் மைதானம் முழுக்க ஓடுவார்கள், பந்தைக் கைமாற்றுவார்கள், தூரத்திலிருந்து எறிவார்கள். சென்டர் கூடைக்கு அடியில் நிற்பாள். அந்த இரண்டு மூன்று சதுர மீட்டர் இடம் எல்லாருக்கும் வேண்டும். அதனால் அங்கே நிற்பவளை எல்லாரும் இடிப்பார்கள். முழங்கை விலாவில் படும், முழங்கால் தொடையில் படும், எதிரணிச் சென்டரின் பின்பக்கம் அடிவயிற்றில் வந்து அமரும். அசையாமல் நிற்க வேண்டும். நான் அசையாமல் நிற்கிறவள் என்ற பெயருக்காகத்தான் எனக்கு ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் கிடைத்தது.

நான் வளர்ந்தது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தில், ஜெர்மனியின் ஹம் நகரில். பதின்மூன்று வயதில் ஒரு மீட்டர் எண்பது இருந்தேன். கோவில் திருவிழாவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடித்துக்கொண்டு நிற்பேன், பாவாடைக்குள் அது தெரியாது. பள்ளிக்கூடத்திலும் கூனியே நடப்பேன். விளையாட்டு ஆசிரியை ஒருநாள் என்னைக் கூடைக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தி, "இங்கே கூனினால் எங்களுக்குப் பந்து கிடைக்காது" என்றார். நான் நிமிர்ந்து நின்ற முதல் இடம் அது. பதினெட்டு வயதில் முதல் ஒப்பந்தம். பிறகு இருபத்து நான்கில் முழங்கால் தசைநார் அறுந்தது, ஒரு வருடம் போனது. முதல் பிரிவில் இரண்டு வருடம் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரிகளின் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு இரண்டாம் பிரிவில் இந்த அணி. எல்லாமே ஒரு வருட ஒப்பந்தங்கள். மே மாதம் முடியும், ஜூனிலோ ஜூலையிலோ தொலைபேசி வரும், அல்லது வராது. பதின்மூன்று கோடைகாலம் அந்தத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன்.

இருபத்தெட்டில் திருமணம். கணவர் மதுரைக்காரர், பல்கலைக்கழகத்தில் லேசர் ஆய்வுகூடத்தில் வேலை. என்னைவிடப் பத்தொன்பது சென்டிமீட்டர் குட்டை, அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. நான் எங்கள் வீட்டு வழக்கப்படி அவரை 'நீங்கள்' என்பேன், அவர் என்னை 'நீ' என்பார்.

குழந்தைக்காகக் காத்திருந்தோம். அதற்கு முந்தைய வருடம் ஜூலையில், விளையாட்டு இல்லாத காலத்தில், ஒருமுறை தங்கியது. சந்தோஷத்தில் நான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குச் சொன்னேன், அம்மா சின்னம்மாமாருக்குச் சொன்னார், கணவர் மதுரைக்குச் சொன்னார். எட்டாவது வாரத்தில் இரத்தம் போய் எல்லாம் முடிந்தது. அதன் பிறகுதான் பெரிய வேலை. சொன்ன ஒவ்வொருவரிடமும் திரும்பப் போய், இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்த ஒரு மாமி செப்டம்பரில் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். அப்போது நான் பயிற்சிக்குப் போகும் வழியில் டிராமில் நின்றிருந்தேன். "நன்றி மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன்: இனி ஒருமுறை வந்தால், பன்னிரண்டு வாரம் முடியும்வரை கணவரைத் தவிர ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

ஆறாவது வாரத்தில் பெண்நோய் வைத்தியரைப் பார்க்க நேரம், டெர்மின், கிடைத்தது. திரையில் அவரையின் விதையைப் போல் ஒன்று, அதற்குள் ஏதோ துடித்தது. என் வேலை என்ன என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓடுவது பிரச்சினை இல்லை. விழுவதும் அடிபடுவதும்தான். நீங்கள் கிளப்பில் சொன்னால், அன்றைக்கே அவர்கள் உங்களை நிறுத்த வேண்டும். சட்டம் அப்படி. சம்பளம் வரும், விளையாட முடியாது."

"சொல்லாவிட்டால்?"

"சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இப்போதைக்கு அது இடுப்பெலும்புக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் விளையாடுங்கள் என்று என் வாயிலிருந்து வராது. அதையும் விளங்கிக்கொள்ளுங்கள்."

அவர் சொன்னதில் எனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவர் சமையலறையில் சட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"கிளப்ல சொல்லிடு. சிம்பிள்" என்றார்.

"சொன்னால் அண்டைக்கே நிப்பாட்டுவினம்."

"நிப்பாட்டட்டுமே. அதுக்குத்தானே லா வச்சிருக்காங்க?"

"பிறகு எட்டாம் கிழமையிலை போனமுறை மாதிரி ஆனால்? பிள்ளையும் இல்லை, விளையாட்டும் இல்லை. முழு அணிக்கும் தெரிஞ்சும் போயிடும். அடுத்த மேயிலை என்னை ஆர் எடுப்பினம்?"

அவர் அடுப்பை அணைத்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? யாராவது வயித்துல முழங்கையால இடிச்சா என்ன பண்ணுவ?"

"இடிபடாமல் விளையாடுவன்."

"சென்டரா இருந்துக்கிட்டு?"

நான் தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் பயிற்சிக்குப் புறப்படும்போதெல்லாம் கதவுவரை வந்து நிற்பார். முன்பு அப்படி வரமாட்டார்.

இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் அணியில் இரண்டே சென்டர்கள். மற்றவள் ஒரு மாணவி, ஆகஸ்ட்டில் கணுக்கால் தசைநார் கிழிந்து ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தாள். நான் போனால் கூடைக்கு அடியில் நிற்க ஆள் இல்லை. அவள் திரும்பி வர எப்படியும் ஆறு வாரம் ஆகும். எனக்கும் பன்னிரண்டு வாரம் முடிய அதே ஆறு வாரம்தான் என்று கணக்குப் பண்ணினேன். எல்லாம் ஒன்றாகச் சரிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயத்தில் இருப்பவளுக்குக் கணக்குகள் நன்றாகவே சரிவரும்.

முதல் போட்டி எங்கள் மண்டபத்தில். சொந்த மண்டபத்தில் விளையாடும் அணி வெள்ளை உடுப்புப் போட வேண்டும். வெள்ளைக் காற்சட்டை. காலையிலிருந்து என் மனம் அதிலேயே நின்றது. உள்ளே இரண்டு கறுப்பு உள்ளுடுப்புப் போட்டேன். இடைவேளைகளில் கழிவறைக்கு ஓடினேன், துடைத்த தாளில் இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன், வெள்ளையாக இருந்தது, திரும்பி ஓடினேன். மூன்றாம் முறை ஓடியபோது பயிற்சியாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் முன்பு சென்டராகவே விளையாடியவர், ஐம்பது வயது தாண்டிய பெண், அதிகம் பேசமாட்டார்.

நாங்கள் வென்றோம். ஆனால் நான் விளையாடிய விதம் எனக்குத் தெரியும். பந்துக்காக மேலே பாய வேண்டிய நேரத்தில் அரை நொடி தாமதித்தேன். எதிரணிக்காரி முதுகால் தள்ளிக்கொண்டு வரும்போது முழங்கையை வயிற்றுக்கு முன்னால் மடித்து வைத்துக்கொண்டேன். அப்படி நின்றால் இரண்டு கையையும் தூக்க ஏலாது. அவள் என் தலைக்கு மேலால் சுலபமாகப் போட்டாள், மறுபடியும் போட்டாள்.

இரண்டாம் போட்டிக்கு முதல்நாள் பயிற்சியாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"முழங்காலா?"

"இல்லை."

"பிறகு என்ன? நீ இடிபடப் பயப்படுகிறாய். பதின்மூன்று வருடம் விளையாடியவர்களுக்கு அது ஒருநாள் வரும். எனக்கும் வந்தது. வந்தால் சொல்ல வேண்டும்."

"அப்படி ஒன்றும் இல்லை. வயிறு கொஞ்சம் சரியில்லை" என்றேன்.

அவர் நம்பவில்லை. என் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பைத் திருத்த என்னால் முடியவில்லை. எனக்கு உண்மையாகவே அவமானமாக இருந்தது.

பந்தை முன்னால் கொண்டுவந்து எங்களையெல்லாம் நடத்துகிறவள், பாயிண்ட் கார்ட், அணியில் என் சிநேகிதி. ஒரு மீட்டர் அறுபத்தாறு, ஓல்டன்பூர்க் பக்கத்துப் பெண், ஐந்து வருடமாக ஒன்றாக விளையாடுகிறோம். வெளியூர்ப் பயணங்களில் ஒரே அறையில் தங்குவோம். காலையில் நான் கழிவறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒருநாள் மேசையில் ஒரு பொதி இஞ்சிப் பிஸ்கட் வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கும் பொய் சொல்லும் வேலை வந்திருக்கும். அப்போது நான் அப்படித்தான் நியாயம் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஹம்மிலிருந்து தொலைபேசி எடுப்பார்.

"என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தடிமன் அம்மா, மூக்கு அடைச்சிருக்கு."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி. மருமோனும் குடிக்கட்டும்."

"ஓம் அம்மா."

எட்டாவது வாரம் வந்தது. அந்த ஏழு நாட்களும் எனக்கு இப்போதும் தனித்தனியாக நினைவிருக்கின்றன. எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எதுவும் நடக்காததுதான் பெரிய விஷயமாக இருந்தது. இரண்டாம் போட்டியில் தோற்றோம். எட்டு முடிந்து ஒன்பது தொடங்கிய சனிக்கிழமை, பேருந்தில் நான்கு மணி நேரம் போய், கிழக்குப் பக்கத்து நகரம் ஒன்றில் தங்கினோம். ஞாயிறு மதியம் மூன்றாம் போட்டி.

அந்த எட்டாவது வாரத்தைத் தாண்டியதில் எனக்குள் ஏதோ மாறியிருந்தது. அதுவரை இழந்துவிடுவேன் என்ற பயம் மட்டும் இருந்தது. இப்போது குழந்தை இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. பயம் குறையும் என்று நினைத்தேன். அது இரண்டு மடங்கானது.

மூன்றாம் கால் பகுதி முடியும் நேரம். எதிரணியில் பலமான உடம்புள்ள ஒருத்தி பக்கவாட்டிலிருந்து பந்தோடு கூடையை நோக்கி ஓடி வந்தாள். அப்படி வரும்போது சென்டர் செய்ய வேண்டியது ஒன்றுதான். வழியில் போய் இரண்டு காலையும் ஊன்றி, கைகளை நெஞ்சில் கட்டி நிற்க வேண்டும். வருகிறவள் மோதுவாள், நீ மல்லாக்க விழுவாய், நடுவர் ஊதுவார், பந்து உன் அணிக்கு. அதைப் பல நூறு தடவை செய்திருக்கிறேன். அன்றைக்கும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். காலை ஊன்றினேன். அவள் முகம் அருகில் வந்தது. என் கைகள் நெஞ்சுக்குப் போகாமல் கீழே போயின. நான் ஓரடி விலகினேன்.

என் பின்னால் பாயிண்ட் கார்ட் உதவிக்கு ஓடி வந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது. முழு வேகமும் அவள்மேல் போனது. இரண்டு பேரும் விழுந்தார்கள், அவள் அடியில். பலகைத் தரையில் தோள் பட்ட சத்தத்தை நான் திரும்பாமலே கேட்டேன்.

அவள் அழவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "உடைந்துவிட்டது" என்று மட்டும் சொன்னாள். பயிற்சியாளர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அணித் தலைவி என்பதால் ஆம்புலன்சில் அவளோடு போகிறேன் என்றேன். யாரும் மறுக்கவில்லை. மீதி ஆட்டத்துக்கு நான் இல்லாததை யாரும் குறையாக நினைக்கவில்லை என்பதும் எனக்கு விளங்கியது.

காரையெலும்பு இரண்டு துண்டு. தகடு வைக்க வேண்டும் என்றார்கள். ஊசி போட்டபின் ஒரு திரைக்குப் பின்னால் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் இன்னும் விளையாட்டு உடுப்பில், மேலே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"நீ நின்றிருந்தாய். நான் பார்த்தேன். பிறகு ஏன் விலகினாய்?" என்று கேட்டாள்.

"நான் கர்ப்பமாக இருக்கிறேன். ஒன்பதாவது வாரம்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஊசியின் மயக்கம் என்று நினைத்தேன்.

"இஞ்சிப் பிஸ்கட்டைத் தின்றாயா?" என்றாள் பிறகு.

"தின்றேன்."

"எனக்குப் போன மாதமே சந்தேகம். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்." என் பக்கம் தலையைத் திருப்பி, "உனக்கு ஒன்றும் படவில்லையே?" என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை காலை வைத்தியரிடம் போனேன். துடிப்பு இருந்தது. அங்கிருந்து நேரே மண்டபத்துக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் முதலில் எழுந்து வந்து கைகொடுத்து வாழ்த்தினார். பிறகு திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார்.

"மூன்று போட்டி. மூன்று போட்டிக்கு எனக்குச் சென்டர் இருக்கவில்லை. இருப்பதாக நினைத்துத்தான் எல்லாவற்றையும் திட்டமிட்டேன்."

"தெரியும்."

"தெரிந்திருந்தால் வேறு மாதிரி விளையாட வைத்திருப்பேன். அவள் அங்கே ஓடி வந்திருக்க மாட்டாள்."

"தெரியும்" என்று மறுபடியும் சொன்னேன்.

அன்று மத்தியானமே கிளப் அலுவலகம் கடிதத்தைத் தந்தது. அந்த நிமிடத்திலிருந்து நான் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. என் அலுமாரியைத் திறந்து சப்பாத்துகளைப் பையில் போட்டேன். உடற்பயிற்சி அறையிலிருந்து மற்றவர்களின் பாட்டுச் சத்தம் வந்தது. போய்ச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை. பின் கதவால் போனேன்.

அம்மாவுக்கு அன்று மாலை சொன்னேன். பன்னிரண்டு வாரம் ஆகவில்லை, ஆனாலும் முழு அணிக்கும் தெரிந்த பிறகு அம்மாவிடம் மறைப்பது சரியில்லை.

"அடி விசரி! வயித்திலை பிள்ளையை வைச்சுக்கொண்டு போய் இடிபட்டனியோ? மனிசருக்கு மூளை இல்லையோ? மருமோனுக்கும் தெரியுமோ?"

"தெரியும். அவர் வேண்டாம் எண்டுதான் சொன்னவர்."

"பிறகு?"

"பயம் அம்மா. சொன்னால் எல்லாம் போயிடும் எண்டு பயம்."

நான் இன்னும் ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அம்மா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர், இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக.

"உன்ர தம்பி வயித்திலை இருக்கேக்கை நானும் சொல்லேல்லை" என்றார். "வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம். இன்னும் நிரந்தரமாக்கேல்லை. சொன்னால் நிப்பாட்டிப் போடுவினம் எண்டு நினைச்சன். எனக்குச் சட்டம் என்ன தெரியும்? அஞ்சாம் மாசம் வரைக்கும் கிழவர்மாரைத் தூக்கித் தூக்கிக் கட்டிலிலை விட்டனான். ஒவ்வொருக்காத் தூக்கேக்கையும் முருகா எண்டுதான் தூக்கினது."

"இதை ஏன் எனக்கு முதல் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? பெருமையோ?"

வைக்கும் முன் அம்மா, படிகளில் மெல்ல இறங்கச் சொன்னார்.

பதினோராவது வாரத்தில், வீட்டில் சும்மா இருந்த ஒரு புதன்கிழமை, தாளில் இரத்தம் பார்த்தேன். விளையாடிய நாட்களில் வராதது, சோபாவில் இருந்த நாளில் வந்தது. கணவர் ஆய்வுகூடத்தில் இருந்தார், தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "அப்படியே இரு, டாக்ஸி புக் பண்றேன், நான் நேரா அங்க வந்துடறேன்" என்றார். டாக்ஸியில் என் முழங்கால்கள் முன் கதிரையில் இடித்தன. நான் வயிற்றைப் பார்க்கவில்லை. சாலையில் ஒவ்வொரு சிவப்பு விளக்கையும் எண்ணினேன். எல்லாம் என்னால்தான் என்று மனதுக்குள் நூறு தடவை சொல்லிவிட்டேன், தோளுடைந்தவளையும் சேர்த்து.

கணவர் எனக்கு முன்பே வந்து வாசலில் நின்றார், ஆய்வுகூடத்துக் கண்ணாடியைக் கழற்ற மறந்து நெற்றியில் ஏற்றியபடி. வைத்தியர் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திருப்பினார். ஒரு கை அசைந்தது.

"இது சில நேரம் வரும். காரணம் தேட வேண்டாம்" என்றார்.

நான் காரணம் தேடுவதை நிறுத்தப் பல மாதங்கள் ஆயின.

பாயிண்ட் கார்ட்டுக்கு அறுவை நடந்தபின் முதல் பத்து நாள் தினமும் செய்தி அனுப்பினேன், பதில் போட்டாள். பிறகு பதில்கள் சுருங்கின. நவம்பரில் நின்றுவிட்டன. படித்ததற்கான நீலக் குறி மட்டும் வரும். ஆஸ்பத்திரியில் அவ்வளவு அன்பாகப் பேசியவள் ஏன் இப்படி என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. டிசம்பரில் ஒரு போட்டி பார்க்கப் போனேன். கிளப் அவசரமாகச் செர்பியாவிலிருந்து ஒரு சென்டரை எடுத்திருந்தது, நல்ல ஆட்டக்காரி. பாயிண்ட் கார்ட் வாங்கின் கடைசியில் இருந்தாள். போட்டி முடிந்து மண்டபம் காலியானபின் அவளிடம் போனேன்.

"என்னோடு கோபமா?"

"ஓம்" என்பதுபோல் தலையை ஆட்டினாள். "முதலில் இல்லை. பிறகு வீட்டில் ஒரு கையால் தலை சீவப் பழகும்போது வந்தது."

"நான் வேண்டுமென்று செய்யவில்லை."

"அது தெரியும். நீ வயிற்றைக் காப்பாற்றியதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் எனக்கு முன்னால் நீ நிற்கிறாய் என்று நம்பித்தான் நான் அவ்வளவு வேகமாக வந்தேன். ஐந்து வருடமாக அப்படித்தான் வந்தேன். நீ நிற்க மாட்டாய் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அதுதான்."

மன்னிப்புக் கேட்டேன்.

"இப்போது கேட்காதே. இன்னும் வலிக்கிறது" என்றாள்.

ஜனவரி கடைசியில் அவள் திரும்ப விளையாடத் தொடங்கினாள். அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. மே மாதம், என் ஒப்பந்தம் முடிவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, மகள் பிறந்தாள். ஐம்பத்தேழு சென்டிமீட்டர். தாதி மறுபடி ஒருமுறை அளந்து பார்த்தார். அம்மா ஹம்மிலிருந்து பிராந்திய ரயிலில், பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூள், நல்லெண்ணெய், மூன்று சட்டிகளோடு வந்து இறங்கினார். கணவரோடு அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்க, கணவர் அரைவாசி விளங்காமலே "சரிங்க அத்தை" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம் பாயிண்ட் கார்ட் வந்தாள். முன்னறிவிப்பில்லாமல் வந்து, கதவில் நின்று, "தூக்கலாமா?" என்று கேட்டாள். குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு சன்னலோரம் நெடுநேரம் நடந்தாள். மன்னிப்புப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதன்பின் செய்திகளுக்குப் பதில் வரத் தொடங்கியது.

அந்தக் கோடையில் கிளப்பிலிருந்து தொலைபேசி வரவில்லை. அணி நிரம்பிவிட்டது என்று ஒரு கடிதம் வந்தது, மரியாதையான கடிதம். அடுத்த வருடம் செர்பியாக்காரி வேறு அணிக்குப் போனதும் பயிற்சியாளர் தானே தொலைபேசி எடுத்தார்.

"இரண்டாவது சென்டராக. ஒரு போட்டிக்குப் பத்து நிமிடம். வருகிறாயா?"

வருகிறேன் என்றேன். எனக்கு முப்பத்துமூன்று வயது, மகளுக்குப் பதினைந்து மாதம். உடம்பு திரும்பி வந்தது, நான் நினைத்ததைவிட வேகமாக. ஆனால் முதல் வாரப் பயிற்சியில் ஒருத்தி என்னை நோக்கி ஓடி வந்தபோது நான் விலகினேன். வயிற்றில் யாரும் இல்லை. அது என் காலுக்குத் தெரியவில்லை. அடுத்த நாளும் விலகினேன். பாயிண்ட் கார்ட் ஆட்டத்தை நிறுத்தி எல்லார் முன்னிலையிலும், "நீ நிற்கப் போகிறாயா இல்லையா என்று முதலே சொல். அதற்கேற்ப நான் விளையாடுகிறேன்" என்றாள். அவளுடைய குரலில் கடுமை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இன்றைக்குத் தெரியவில்லை" என்றேன்.

"சரி" என்று பந்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வருடம் முழுவதும் நாங்கள் அப்படித்தான் விளையாடினோம். போட்டிக்கு முன் அவள் என்னைப் பார்ப்பாள். நான் ஓம் என்றோ இல்லை என்றோ தலையை அசைப்பேன். ஓம் என்ற நாட்கள் கூடிக்கொண்டு வந்தன, ஆனால் இல்லை என்ற நாட்கள் ஒருபோதும் முழுவதும் போகவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, எங்கள் மண்டபத்தில். இரண்டாம் கால் பகுதியில் என்னை உள்ளே அனுப்பினார்கள். ஆட்டம் எதிர்க் கூடைப் பக்கம் இருந்தது. பார்வையாளர் பக்கம் கண் போனது. கணவர் யாரோ ஒருவருக்குப் பிஸ்கட் பொதியை உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் அவரிடமிருந்து நழுவி, உயரமான சீமெந்துப் படிகளில் கையையும் காலையும் ஊன்றி ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு படி, இன்னொரு படி. மேலே கம்பித் தடுப்பு இருந்தது, ஆனால் கம்பிகளுக்கு இடையில் அவள் புகுந்துவிடுவாள். பாயிண்ட் கார்ட் என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பந்து என் தோளில் பட்டு வெளியே போனது.

நடுவர் ஊதினார். நான் பயிற்சியாளரைப் பார்த்து, என்னை மாற்றும்படி கையைச் சுழற்றிக் காட்டினேன். அவர் வேறு ஒருத்தியை எழுப்பினார். நான் வாங்குக்குப் போகவில்லை. வேலிப் பலகையைத் தாண்டி, வியர்வையோடு, மூன்று மூன்று படிகளாக ஏறினேன். இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். மகள் கடைசிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழே ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவளை இரண்டு கையாலும் தூக்கினேன். கணவர் முகம் வெளுத்துப் போய் மூச்சுவாங்கியபடி ஏறி வந்தார்.

"ஒரு செகண்டுதாம்மா, திரும்பினேன்…"

"பரவாயில்லை. போய் இருங்கோ" என்றேன்.

மீதி ஆட்டத்தை அங்கேயே, மேல் படியில், மகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த மே மாதம் ஒப்பந்தம் முடிந்தபோது, யாராவது தொலைபேசி எடுக்கும்வரை காத்திருக்காமல், நானே பயிற்சியாளருக்கு எடுத்து, இனி விளையாட வரமாட்டேன் என்று சொன்னேன்.